விலாசத்தைத் தின்ற ஒட்டகம்

முப்பத்தெட்டு வருஷமாக
ஓர் ஒட்டகம் கதவு தட்டிக்கொண்டிருக்கிறது.
வாயில் ஒரு கடிதம்.
நடுவழியில் பசி தாளாமல்
விலாசம் இருந்த மூலையைத் தின்றுவிட்டது.
அதனால் எல்லாக் கதவையும் தட்டி
'இது உங்களுக்கா பாருங்க' என்கிறது.
இல்லை என்கிறார்கள்.
ஆனாலும் ஒரு வாளித் தண்ணீர் வைக்கிறார்கள்.
ஒரு வீட்டில் வைக்கோல் போட்டார்கள்,
ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
இவ்வளவுதான் தெரியும்.
கடிதம் யாருக்கு என்பது தெரியாது.

பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டில்
பக்கத்துக் கட்டில் சோணைமுத்து வாசித்த கதை.
உசிலம்பட்டிப் பக்கம், லாரியில் கிளீனர்.
அவருக்கு இடது கை, எனக்கு வலது கால்.
அட்டை போன புத்தகத்தை
மாவுக்கட்டின் மேல் சாய்த்து,
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி,
ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் வாசிப்பார்.
'போதும்டா, ஒட்டகத்துக்குக் கால் வலிக்கும்.'

சிம்மக்கல் நூலகத்தில் கேட்டேன்.
பேரென்ன? தெரியாது.
எழுதினது யாரு? தெரியாது.
ஒட்டகம், என்றேன்.
கால்நடை வளர்ப்பு அலமாரியைக் காட்டினார்கள்.
திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
புத்தகத்தைத் தராசில் நிறுத்து விற்கிற ஜலாலிடம்
சொல்லிவைத்தேன்.
தூரத்தில் பார்த்தாலே
'என்னா ஒட்டகம், சௌக்கியமா' என்பார்.
மயக்க மருந்தில் கண்ட கனவு அது
என்று அண்ணன் முடித்துவிட்டான்.

மின்வாரியத்தில் எனக்கு ரீடிங் எடுக்கிற வேலை.
மாடிப்படிக்கு அடியில் மீட்டர்,
மீட்டருக்கு அடியில்
வீட்டுக்கு வேண்டாததெல்லாம்.
டார்ச்சை எண்ணில் அடித்துவிட்டு
அப்படியே கொஞ்சம் தள்ளி
பழைய பேப்பர்க் கட்டிலும் அடிப்பேன்.
இருபது வருஷத்தில்
இரண்டு பாம்புச் சட்டை பார்த்திருக்கிறேன்.
நடக்காத கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகை
ஐந்நூறு, கட்டுப் பிரிக்காமல்.

போன செவ்வாய், பொன்னகரத்தில்,
இட்லி மாவு விற்கிற கோமதியம்மாள் வீடு.
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
அதன் ஒரு காலுக்கு அடியில்
ஈரம் குடித்து உப்பிய புத்தகம்.
வெளிச்சத்தில் ஒரு கழுத்து தெரிந்தது.
நீளமான கழுத்து.
'அத எடுத்தா கிரைண்டர் ஆடும் சார்.'
பையிலிருந்த பழைய ரீடிங் நோட்டைக் கொடுத்தேன்.
அளவு சரியாக இருந்தது.

நின்றபடியே வாசித்தேன்.
கர்வம் பிடித்த ஒட்டகம் என்று தலைப்பு.
நாலே பக்கம்.
தன் உயரத்தைத் தானே மெச்சிக்கொண்ட ஒட்டகம்
ஒரு குடிசைக்குள் தலையை விட்டு
கழுத்து மாட்டிக்கொண்டு அழுகிறது.
ஆகவே குழந்தைகளே, என்று முடிகிறது.
கடிதமே இல்லை.

வேறு ஒட்டகமோ என்று
முதலிலிருந்து புரட்டினேன்.
படங்கள் அதே படங்கள்.
மூடிய கதவு. வாளி. குரைக்கிற நாய்.
ஒட்டகத்தின் வாயில்
ஓரம் கடித்த வெள்ளையாய் ஏதோ ஒன்று.
ஆலிலை என்று பக்கத்தில் அச்சாகியிருந்தது.

'பில்லு எவ்வளவு சார் வரும்?'
எண்ணைப் பார்க்கவே மறந்திருந்தேன்.
மாவு பொங்கி விளிம்புக்கு வந்தது,
அவர் புறங்கையால் வழித்து உள்ளே தள்ளினார்.

சோணைமுத்துவை டிஸ்சார்ஜ் செய்த காலை
மிச்ச வீடெல்லாம் என்னாச்சு என்று கேட்டேன்.
'அடுத்த லோடுக்கு வர்றப்போ' என்றார்.
பிறகு மருந்துச் சீட்டை என் பக்கம் நீட்டி
'என்னடா போட்டிருக்கு, வாசி பாப்போம்.'
நான் அப்போது ரெண்டாம் வகுப்பு.
பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து
நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி,
வார்டுக்கே கேட்கிற மாதிரி வாசித்தேன்:
காலை ஒன்று. இரவு ஒன்று.
சாப்பாட்டுக்குப் பின்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.
உதடு அசைய அசையக் கேட்டுக்கொண்டார்.
'சரியாத்தான் இருக்கு' என்று
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.